கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள். ஹைடெக் லேபில் ஓடுகிற கணினி பத்து. வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லாததால் இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு இவரிடம் வந்திருக்கிறது. “பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. ரீல்ஸ் எடுக்கிறார்கள், எடிட் செய்கிறார்கள். நான் எதைச் சொல்லிக்கொடுக்க?” என்று கேட்கிறார். தலைமையாசிரியரோ, இணையத்தைத் திறந்தால் வம்பு, பெயின்ட்டும் வேர்டும் போதும் என்கிறார்.

இதற்கிடையே இரண்டு சம்பவங்கள். வகுப்பு மாணவன் ஒருவன் அம்மாவின் போனில் வாட்ஸ்அப் வழியே வந்த ‘கல்யாண அழைப்பிதழை’த் தொட்டிருக்கிறான். இரண்டு மணி நேரத்தில் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து ₹18,400 போய்விட்டது. அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். ஆறு நாட்களாகப் பையன் பள்ளிக்கு வரவில்லை. ‘நாமேதானே தொட்டோம், புகார் கொடுத்து என்ன பயன்’ என்று அந்த அம்மா சும்மா இருந்துவிட்டார். இரண்டாவது சம்பவம்: ஒரு மாணவியின் ஆண்டுவிழாப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, வேறு உடலில் ஒட்டி, ஸ்டிக்கராக்கி மாணவர்களே குரூப்பில் பரப்பியிருக்கிறார்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் ஆசிரியையின் போனில் இருக்கிறது. ‘ஆதாரத்துக்கு எனக்கு அனுப்புங்கள், செய்தவனுக்கு டிசி கொடுத்துவிடலாம்’ என்கிறாராம் தலைமையாசிரியர்.

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கும் இந்த இரண்டும் பாடத்தைவிட அவசரமானவை. அவற்றுக்கான பதிலைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் சொல்கிறேன்.

பணம் போன வீட்டுக்கு

‘நாமேதானே தொட்டோம்’ என்பது புகார் கொடுக்காமல் இருக்கக் காரணமே அல்ல. அழைப்பிதழ் என்று ஏமாற்றி ஒரு திருட்டுச் செயலியைப் போனில் நிறுவ வைத்ததுதான் குற்றம். ஏமாந்தது குற்றமல்ல. அந்த அம்மா வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை விரைவாக முடியும். ஒப்புகை எண் ஒன்று தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க நல்ல வாய்ப்பு இருக்கும். ஆறு நாள் கழித்து அந்த வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் புகாருக்குப் பலன் உண்டு. வாடிக்கையாளரின் அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாத மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றும், நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்புக்குள் மட்டுமே பொறுப்பு என்றும் அது சொல்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி வாதிடலாம். அப்போதும் அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. புகார் கொடுத்தபின் ஏற்படும் இழப்புக்கும் வங்கிதான் பொறுப்பு. இன்னும் தெரிவிக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவின் பக்கத்தைப் பலவீனமாக்குகிறது. மகளிர் உரிமைத் தொகையும் குழுக் கடனும் அதே கணக்குக்குத்தான் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னும் அவசரம்.

அந்தப் போன் இன்னமும் ஆபத்தானது. முதலில் ஃப்ளைட் மோடில் போட வேண்டும். சிம்மைக் கழற்றிச் சாதாரண பட்டன் போனில் போட்டுக்கொள்ளலாம். வந்த செய்தி, அனுப்பிய எண், கோப்பின் பெயர் மூன்றையும் வேறொரு போனால் படம் எடுத்து வைத்த பிறகே, அந்தப் போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்க வேண்டும். அந்தச் செயலியை மட்டும் நீக்கினால் போதாது. பல நேரம் அதன் ஐகானே திரையில் தெரியாது. இத்தகைய செயலிகள் அந்தப் போனின் வாட்ஸ்அப்பிலிருந்தே உறவினர்களுக்கும் அதே அழைப்பிதழை அனுப்பிவிடுவதுண்டு. ஆகவே, ‘என் எண்ணிலிருந்து அழைப்பிதழ் வந்தால் தொடாதீர்கள்’ என்று அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் சொல்லிவைக்கட்டும்.

ஸ்டிக்கர் விஷயம்

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்று, ஆதாரத்துக்காக அனுப்புவது. அந்தப் படம் எத்தகையது என்று நீங்கள் எழுதவில்லை. ஆடையில்லாத உடலிலோ பாலியல் தோரணையிலோ ஒட்டப்பட்டிருந்தால், அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, தலைமையாசிரியருக்கும்கூட. 18 வயதுக்குட்பட்டவரின் பாலியல் சித்திரிப்பைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். கணினியில் ஒட்டி உருவாக்கிய படமும் போக்சோ சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. இத்தகைய படங்களை வைத்திருப்பதே எந்தச் சூழலில் குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே, குரூப்பின் பெயர், பகிர்ந்த எண், தேதி, நேரம் இவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, தலைமையாசிரியரோடு நேரில் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி அது உங்கள் கடமை. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. உங்கள் போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் 14417 இரண்டும் துணைக்கு இருக்கின்றன.

நடிகையின் உடல், கார்ட்டூன் உடல் என்ற கேலி மட்டத்தில் இருந்தால், காவல் நிலையத்துக்கு ஓடும் முன் பள்ளிக்குள் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அப்போதும் முதலில் பேச வேண்டியது அந்தப் பெண் பிள்ளையிடமும் அவள் பெற்றோரிடமும்தான். எது நடக்க வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். அசெம்பிளியில் பேரைச் சொல்லாமல்கூட இதைப் பேசாதீர்கள். 36 பேர் வகுப்பில் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, டிசி. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அரசுப் பள்ளியில் இதற்கு விலக்கே இல்லை. ‘பெற்றோரே எழுதிக் கொடுத்ததாக’ டிசி வாங்க வைப்பதும் அதே தவறுதான். விஷயம் காவல்துறைக்குப் போனாலும், சிறுவர்களை விசாரிப்பது சிறார் நீதி வாரியம்தான். லாக்கப்பில் வைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இதைத் தலைமையாசிரியரிடம் சட்டப் புத்தகத்தோடு அமைதியாகச் சொல்லுங்கள். அவருக்கும் இது பாதுகாப்பு.

இனி வகுப்புக்கு வருவோம்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியாது

‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்றொரு சொல்லை 2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இணையத்தோடு பிறந்த தலைமுறைக்கு எல்லாம் தானே வரும் என்ற எண்ணம் அதன்பிறகு ஆசிரியர்களிடையே ஊறிவிட்டது. உங்கள் கடிதத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. விரல் வேகமாக ஓடுவது வேறு, என்ன நடக்கிறது என்று அறிவது வேறு. ரீல்ஸ் எடுக்கும் அதே பையனிடம், ‘இப்போது டவுன்லோடு செய்த பாடம் கணினியில் எங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டு’ என்று கேளுங்கள். போனில் எல்லாம் தானாகத் திறந்துகொள்வதால், ஃபோல்டர் என்ற ஒன்றையே அறியாத பிள்ளைகள் ஏராளம்.

நீங்கள் சமூக அறிவியல் ஆசிரியை என்பது இந்த வேலைக்குக் குறையல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் மூன்று தரப்பினரின் முன் இணையதளங்களை வைத்துப் பார்த்தார்கள்: வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். அறிஞர்களும் மாணவர்களும் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்து, அழகான லோகோவையும் முகவரியையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே புதிய டேப் திறந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதன்மையான பழக்கம் இதுதான்: வந்ததை வைத்தே வந்ததை முடிவு செய்யாமல், நின்று, வெளியே போய்ப் பார்ப்பது. கல்வெட்டைச் செப்பேட்டோடு ஒப்பிடுவது என்று நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஏற்கெனவே நடத்துகிற விஷயம்.

உங்கள் ஊர்ப் பக்கம் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. அப்பா கடலில், அம்மா மீன் விற்கவோ முந்திரி ஆலைக்கோ போயிருப்பார். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுப் போனுக்கு வரும் வங்கிச் செய்தியையும் ரேஷன் செய்தியையும் வாசித்துச் சொல்வது எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். நீங்கள் 36 பேருக்கு நடத்துவது 36 வீட்டுக்குப் போகிறது.

நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

பத்துக் குழு வைக்காதீர்கள். ஒன்பது குழு, குழுவுக்கு நான்கு பேர். பத்தாவது கணினி உங்களுக்கும், நடுவில் ஒன்று நின்றுபோனால் மாற்றிக்கொள்ளவும். நால்வருக்கும் நான்கு வேலை: மவுஸ் பிடிப்பவர், திரையில் உள்ளதை உரக்க வாசிப்பவர், குறிப்பேட்டில் எழுதுபவர், ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்பவர். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும். உள்ளே வந்து உட்கார 4 நிமிடம், திரையை அணைத்தபடி நீங்கள் விளக்க 6, நான்கு சுற்றுக்கு 24, கடைசியில் பேச 6. மணியடித்தோ கைதட்டியோ மாற்றாவிட்டால், மவுஸை முதலில் பிடித்த பையன் கடைசிவரை விட மாட்டான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதோடு வகுப்பு முடிந்துவிடும். இன்னொரு விதி: உதவுகிறவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், கை நீட்டக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஒன்பது கணினியிலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டினால் பள்ளி இணையம் திணறும். எழுத்தும் படமும் உள்ள பக்கங்களை முந்தின நாளே திறந்து சேமித்து வையுங்கள். உங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே உண்டு; ஜூனிலும் அக்டோபரிலும் கரன்ட் போவதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ4 தாளில் அச்சிட்ட ஒன்பது பிரதி பீரோவில் இருந்தால் இருட்டிலும் வகுப்பு நடக்கும். கீழே சொல்லும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாளே போதும்.

கடைசிப் புள்ளி

முதல் மூன்று வாரத்தைக் கோப்புகளுக்குக் கொடுங்கள். தலைமையாசிரியருக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது, இணையமே தேவையில்லை. ஃபோல்டர் உருவாக்குவது, பெயரிடுவது, நகர்த்துவது, தொலைத்துவிட்டுத் தேடிப் பிடிப்பது. தமிழில் தட்டச்சும் இங்கேயே தொடங்கட்டும். தமிழ் 99 விசைப்பலகையில் வாரம் பத்துச் சொல் போதும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடுகிற பிள்ளைக்கு அரசு அறிவிப்புகள் பாதிகூடக் கண்ணில் படாது.

பிறகு முக்கியமான பாடம். விண்டோஸ் கணினிகளில் கோப்பின் நீட்டிப்பு, அதாவது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகள், மறைந்திருக்கும். கோப்பு உலாவியின் ‘வியூ’ பகுதியில் நீட்டிப்பைக் காட்டும்படி மாற்றுங்கள். ஐந்து கோப்புகளை வையுங்கள். எல்லாவற்றுக்கும் ‘அழைப்பிதழ்’ என்றே பெயர். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் மட்டும் ஜேபிஜி, பிடிஎஃப், எம்பி4, டாக்ஸ், ஏபிகே. வெற்றுக் கோப்புக்குப் பெயரை மாற்றினாலே போதும்; உண்மையான ஏபிகே கோப்பை ஒருபோதும் லேபுக்குக் கொண்டுவராதீர்கள். ‘இதில் எது அழைப்பிதழாக இருக்க முடியாது?’ என்று கேளுங்கள்.

ஜேபிஜி படம், பிடிஎஃப் அச்சுப் பக்கம், எம்பி4 வீடியோ, டாக்ஸ் தட்டச்சு ஆவணம். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் பொட்டலம். கல்யாண அழைப்பிதழையோ, போக்குவரத்து அபராதச் சீட்டையோ, வங்கிக் கடிதத்தையோ செயலியாக நிறுவ வேண்டிய அவசியமே கிடையாது. அதைத் தொட்டவுடன் பணம் போய்விடுவதில்லை என்பதையும் சொல்லுங்கள், இது பலருக்குத் தெரியாத இடம். முதலில் போன், ‘தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதிக்கவா?’ என்று கேட்கும். பிறகு அந்தச் செயலி, ‘குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி’ கேட்கும். அந்த அனுமதி கிடைத்தபின்தான் வங்கி அனுப்பும் ஓடிபியை அது படித்து மோசடிக்காரனுக்கு அனுப்புகிறது. ஆக, நிற்பதற்கு மூன்று படிகள் இருக்கின்றன: கோப்பின் பெயர், முதல் எச்சரிக்கை, இரண்டாவது அனுமதி. மூன்று திரைகளையும் கரும்பலகையில் கட்டம் போட்டு வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பொத்தானைத் தொட வேண்டும் என்று பிள்ளைகளையே வந்து காட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருவதால் படிக்காமலே ‘அலோ’ என்பதைத் தொடுவதுதான் நடைமுறை. அந்த நான்கைந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லகராதிபோல எழுதிப் போடுவது ஆங்கிலப் பாடத்துக்கும் உதவும். இதோடு சேர்த்து ஒன்று: யுபிஐ பின் எண் பணம் அனுப்பத்தான், பணம் பெற அதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

“டீச்சர், நாளைக்கு லீவாம்!”

சரிபார்ப்பைத் தேசிய அரசியல் செய்தியிலிருந்து தொடங்காதீர்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். மழை விடுமுறை ஃபார்வர்டைவிடப் பொருத்தமான முதல் பாடம் கிடையாது. எல்லாருக்கும் ஆர்வம், யாருக்கும் கோபமில்லை.

நான்கு அட்டைகள் தயாரியுங்கள். ஒன்றில் சென்ற ஆண்டுத் தேதியை மட்டும் மாற்றிய அறிவிப்பு, தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாது. ஒன்றில் வேறு மாவட்டத்தின் பெயர் சின்ன எழுத்தில். மற்ற இரண்டும் உண்மையானவை. குழுவுக்கு ஏழு நிமிடம். ‘பொய்’, ‘உண்மை’ என்று மட்டும் சொன்னால் மதிப்பெண் இல்லை. எங்கே போய்ப் பார்த்தோம், அல்லது எங்கே போய்ப் பார்ப்போம் என்று சொன்னால்தான் உண்டு. மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கம், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம், தலைமையாசிரியருக்கு வரும் துறைச் செய்தி என்று ஒரு பட்டியல் தானே உருவாகும்.

பாதிக்குப் பாதி உண்மை அட்டை இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பொய்யை மட்டுமே காட்டி நடத்தினால் இரண்டே வகுப்பில் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘ஃபேக்’ என்று சொல்லக் கற்றுக்கொள்வார்கள். கடலோரத்தில் அது உயிருக்கே ஆபத்து. ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து கரையேறும். இங்கே காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. வெளியே பார்த்தால் பொய்போலத் தெரியும் உண்மைச் செய்தி அது. அதே நேரத்தில், 2004 சுனாமியின் நினைவு இருக்கும் ஊர்களில் ‘இன்று இரவு சுனாமி’ என்ற குரல் பதிவு வந்தால் ஊரே எழுந்து ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். இரண்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே. இந்தப் பாடத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உங்களுக்கே நிறையச் சொல்லித்தருவார்கள், சொல்ல விடுங்கள்.

படங்களுக்கு ஒரு பயிற்சி. ‘இன்று காலை குமரியில் கடல் கொந்தளிப்பு’ என்று ஒரு படம் வருகிறது. அதில் திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் தெரிகின்றன, இடையில் பாலம் இல்லை. 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஆக, படம் பழையது. கூகுள் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி பிள்ளைகளுக்குப் பெரிது. ஆனால், ‘சில கோணங்களில் பாலம் மறைந்திருக்குமே’ என்று யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் பாராட்டு. பிறகு லென்ஸைக் காட்டுங்கள். பழைய படம் முன்பு எங்கே வெளியானது என்பதை அது காட்டும். புதிதாக ஏஐ உருவாக்கிய படத்துக்கு முன்பதிப்பே இருக்காது, அங்கே லென்ஸ் கைவிட்டுவிடும். விரல் எண்ணிக்கை, கோணல் எழுத்து என்று ஏஐ படத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளை நடத்த வேண்டாம். அந்தப் பிழைகள் மாதத்துக்கு மாதம் மறைந்துவருகின்றன.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு தொடங்காதீர்கள். உங்கள் கணக்கில், புரொஜெக்டரில், நீங்கள் தட்டச்சு செய்து காட்டினால் போதும். உள்ளூர்க் கேள்வி கேளுங்கள். ‘பத்மநாபபுரம் அரண்மனை எந்த மாநிலத்துடையது?’ என்பது நல்ல கேள்வி. அது நிற்பது தக்கலை அருகே, தமிழ்நாட்டு மண்ணில். 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஒரே வரியில் வரும் எந்தப் பதிலும் பாதிதான் சரி. பிறகு உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிக் கேளுங்கள். தெரியாததையும் தெரிந்ததுபோல அது சரளமாகச் சொல்லும் அழகை ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளை மறக்காது.

கடவுச்சொல், படம்

கடவுச்சொல் பாடத்தில் வழக்கமாக நடக்கும் விபத்து, பிள்ளைகள் ஆர்வத்தில் தங்கள் உண்மையான கடவுச்சொல்லையே உரக்கச் சொல்வது. தொடங்கும்போதே ‘உங்களுடையதைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். சின்ன, சிக்கலான கடவுச்சொல்லைவிட நீளமானது பாதுகாப்பு. தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோக்கச் சொல்லுங்கள்: மரச்சீனி, ஏணி, குடை, தபால் என்பதுபோல. போன் எண், பிறந்த தேதி, அபிமான நடிகர் பெயர் கூடாது. உங்கள் பள்ளி லேபின் கடவுச்சொல் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், பாடத்துக்கு முன் அதைக் கிழித்துவிடுங்கள்.

ஸ்டிக்கர் சம்பவத்தின் வேர் இருப்பது பள்ளியிலும்தான். ஆண்டுவிழாப் படங்களைப் பேர், வகுப்போடு ஸ்டேட்டஸில் போடுகிறோம்; யாரையும் கேட்பதில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவுகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. சட்டம் இருக்கட்டும், ‘உன் படத்தைப் போடலாமா மக்களே?’ என்று டீச்சர் கேட்பதைப் பார்க்கிற பிள்ளைதான் நாளை அடுத்தவர் படத்தைத் தொடுமுன் கேட்கும். கூட்டமாக எடுத்த, முகம் தெளிவாகத் தெரியாத படம், பெயர் இல்லாமல். இனி இதை வழக்கமாக்குங்கள்.

தலைமையாசிரியரிடம்

அவருடைய பயம் நியாயமானது. வம்பு வந்தால் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆகவே, ‘இணையம் வேண்டும்’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வாரம், எந்தப் பாடம், எந்த இணையதளங்கள், எல்லாத் திரைகளும் ஆசிரியர் நிற்கும் பக்கம் பார்த்திருக்கும், தேடுபொறியில் பாதுகாப்புத் தேடல் இயக்கப்பட்டிருக்கும், எந்தக் குழு எந்தக் கணினியில் என்று பதிவேடு இருக்கும், தவறான பக்கம் திறந்தால் பிள்ளை திரையை அணைத்துவிட்டுக் கை தூக்கும், தண்டனை கிடையாது. கடைசி வரி முக்கியம். தண்டனை என்றால் மறைப்பார்கள். முதல் மூன்று வாரம் இணையமே இல்லாமல் நடப்பதைப் பார்த்தபின் அவர் இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

மதிப்பிடுவதற்குத் தேர்வு வேண்டாம். ஆளுக்கு ஒரு சரிபார்ப்புக் குறிப்பேடு. மாதம் இரண்டு ஃபார்வர்டு வீட்டிலிருந்து எழுதி வர வேண்டும்: என்ன சொல்கிறது, யாரிடமிருந்து வந்தது, வேறு எங்கே பார்த்தேன், முடிவு என்ன. முடிவில் ‘தெரியவில்லை, அதனால் அனுப்பவில்லை’ என்பதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக, வராமல் இருக்கும் அந்தப் பையன். அவன் வீட்டுக்கு நீங்களே ஒருமுறை போய் வாருங்கள், 1930-க்கு அம்மா அழைக்கும்போது பக்கத்தில் இருங்கள். இந்தி, ஆங்கிலப் பதிவுக் குரலைக் கேட்டே போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவன் திரும்பி வந்த வாரத்தில் ஏபிகே பாடத்தை நடத்த வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும். நடத்தும்போது அவன் கதையைச் சொல்லாதீர்கள், அவன் பக்கம் திரும்பவும் வேண்டாம். மூன்று கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, யார் வந்து காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். அவன் கை தூக்கினால் சுண்ணாம்புக்கட்டியை அவனிடம் கொடுங்கள்.